போர்ட் ஆஃப் ஸ்பெயின்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கரீபியன் என்றதும் வெண்மணலையும் தென்னை நிழலையும் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு, டிரினிடாட் டொபாகோவின் தலைநகரமான போர்ட் ஆஃப் ஸ்பெயின் முதலில் சற்று ஏமாற்றம் தரக்கூடும். நகருக்குள் குளிக்கத்தக்க கடற்கரை இல்லை. கடலோரத்தை கப்பல்துறையும் அலுவலகக் கட்டடங்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எண்ணெயும் எரிவாயுவும் கொடுத்த வருமானத்தில் வளர்ந்த நாடு என்பதால், அண்டைத் தீவுகளைப்போல் இங்கே சுற்றுலாப் பயணிகளை நம்பி ஊர் நடப்பதில்லை. நகரம் தன் மக்களுக்காகத்தான் விழிக்கிறது, சமைக்கிறது, ஆடுகிறது. வெளியூரார் அதில் போய்க் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அப்படிக் கலந்துகொள்வதற்கு ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும்: இந்நகரில் எங்கே போகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதே முக்கியம். காலையில் நெரிசலாக இருக்கும் கடைத்தெரு மாலை ஆறு மணிக்கு வெறிச்சோடிவிடும்; பகலில் தூங்கி வழியும் தெரு நள்ளிரவில் களைகட்டும். ஆகவே இக்கட்டுரை, ஆயத்த வேலைகளைச் சொல்லி முடித்ததும், நகரை நேர வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது.

முதல் வேலை: தடுப்பூசியும் வழித்தடமும்

இந்தியாவிலிருந்து செல்பவர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. டிரினிடாட் தீவு, மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள பகுதியாக இந்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்திய விமான நிலையத்தில் வந்து இறங்குபவரை, அந்த ஆறு நாள் கணக்கு முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டுக்கொண்டு பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் அவற்றுள் ஒன்று. முன்பதிவு முறையையும் ஊசி போடும் நாட்களையும் விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். ஒருமுறை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் போதும். அந்த மஞ்சள் நிறக் கையேட்டைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாகச் செல்பவர்களுக்கு 90 நாட்கள்வரை டிரினிடாட் டொபாகோவுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முன் அந்நாட்டுத் தூதரகத்திடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. திரும்பிச் செல்லும் பயணச் சீட்டு, தங்குமிடத்தின் முழு முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் குடிவரவு அதிகாரி கேட்கலாம். அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

உண்மையான சிக்கல் போகும் வழியில்தான் இருக்கிறது. நேரடி விமானம் கிடையாது. நியூயார்க், மயாமி வழியாகச் செல்வது எளிதுபோல் தோன்றினாலும், அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட இந்தியர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். டொராண்டோ வழியாகச் சென்றால் கனடாவின் விசாவோ இடைப்பயண விசாவோ தேவைப்படலாம். லண்டன் வழியிலும் இதே விசாரணை உண்டு. ஏற்கனவே அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் ஆம்ஸ்டர்டாம் வழியைப் பார்க்கலாம். விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியை விட்டு வெளியே வராமல் மாறிச் செல்லும் இந்தியர்களிடம் நெதர்லாந்து இடைப்பயண விசா கேட்பதில்லை. ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் விமான நிலைய இடைப்பயண விசா கட்டாயம் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்த வழியானாலும் எல்லாப் பயணக் கட்டங்களையும் ஒரே சீட்டில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதற்காகக் குடிவரவைக் கடக்க வேண்டி வரும்; அப்போது இல்லாத விசா தேவைப்பட்டுவிடும்.

எப்போது செல்வது

ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். டிரினிடாட் வெனிசுவேலாவுக்கு மிக அருகில், கரீபியப் புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் பெரும்புயல்கள் அபூர்வம். ஆனால் ஒரு மணி நேரக் கனமழை பெய்தாலே நகரின் தாழ்வான கடலோரத் தெருக்களில் தண்ணீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடும். வெயில் நமக்குப் புதிதல்ல. சென்னையின் சித்திரை வெயிலைக் கண்டவர்கள் இதை எளிதாகத் தாங்குவார்கள்.

பெரிய முடிவு ஒன்றுதான்: கார்னிவலுக்குச் செல்வதா, வேறு காலத்தில் செல்வதா? கார்னிவல் என்பது கிறித்தவர்களின் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் வேடமிட்டுத் தெருவில் ஆடிக் கொண்டாடும் திருவிழா. ஈஸ்டரைப் பொறுத்து ஆண்டுதோறும் தேதி மாறும். 2027இல் அது பிப்ரவரி 8, 9 தேதிகளில் வருகிறது. அவ்வாரத்தில் அறை வாடகை பல மடங்காகும். குறைந்தது இத்தனை இரவுகள் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும். அருங்காட்சியகங்களையும் தோட்டங்களையும் அமைதியாகப் பார்க்க விரும்புபவர் அப்போது போகவே வேண்டாம். என்னைக் கேட்டால், கூட்டத்தில் அவ்வளவு விருப்பமில்லாதவர்களுக்கு ஜனவரிப் பிற்பாதியைத்தான் சொல்வேன். மழை நின்றிருக்கும், வாடகை ஏறியிருக்காது, இசைக்குழுக்கள் மட்டும் இரவுதோறும் ஒத்திகையில் மூழ்கியிருக்கும்.

மே 30 இங்கே இந்தியர் வருகை நாள் என்ற பொது விடுமுறை. 1845இல் அதே தேதியில்தான் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ஃபட்டேல் ரசாக் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. தீபாவளியும் பொது விடுமுறைதான். ஆனால் விளக்கு வரிசைகளைப் பார்க்கத் தலைநகரைவிட அதன் தெற்கே உள்ள சகுவானாஸ் வட்டாரமே ஏற்றது.

பணம், மின்சாரம், தொலைபேசி

செலாவணி டிரினிடாட் டொபாகோ டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். இரண்டையுமே பேச்சில் வெறுமனே ‘டாலர்’ என்பார்கள். தெருக்கடையில் சொல்லும் விலை உள்ளூர் டாலரில் இருக்கும். விடுதி, விமான நிலைய டாக்ஸி, கார்னிவல் உடை ஆகியவற்றின் விலை பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும். எந்த டாலர் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் வண்டியில் ஏறாதீர்கள். இந்திய ரூபாயை மாற்ற முடியாது; அமெரிக்க டாலர் தாள்களையும் வெளிநாட்டில் இயங்கும் அட்டையையும் கொண்டுசெல்லுங்கள். நாட்டில் பல ஆண்டுகளாக அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவுகிறது. டாலரைக் கொடுத்து உள்ளூர்ப் பணம் வாங்குவது எளிது, மிச்சமான உள்ளூர்ப் பணத்தை மீண்டும் டாலராக்குவது கடினம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றுங்கள். ஐந்து, பத்து, இருபது டாலர்த் தாள்களாக எப்போதும் கையில் வைத்திருங்கள்.

மின்சாரம் 115 வோல்ட், அமெரிக்கப் பாணித் தட்டை முள் செருகி. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் தாமாகவே ஒத்துப்போகும். இந்திய மின்கெண்டியும் இஸ்திரிப் பெட்டியும் சரியாகச் சூடாகாது. சிம் அட்டைக்கு பிமொபைல், டிஜிசெல் என இரு நிறுவனங்கள் உள்ளன; பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். நேரம் இந்தியாவைவிட ஒன்பதரை மணி பின்தங்கியது.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு

பியார்கோ விமான நிலையம் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நகரை நோக்கியும், பிற்பகல் மூன்றிலிருந்து ஆறரை வரை நகரைவிட்டு வெளியேயும் நெடுஞ்சாலை நிரம்பி வழியும். அரை மணி நேரப் பயணம் அப்போது ஒன்றரை மணி நேரமாகிவிடும். முதல் நாள், அதுவும் இரவில் வந்து இறங்குபவர்கள், சிக்கனம் பார்க்காமல் விமான நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட டாக்ஸியிலோ விடுதி அனுப்பும் வண்டியிலோ செல்லுங்கள். டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது; கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

தங்குவதற்கு வுட்புரூக், செயின்ட் கிளேர், சவானாத் திடலைச் சுற்றிய பகுதி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உசிதம். வுட்புரூக்கில் மரச் சரிகைவேலைப்பாடுள்ள பழைய வீடுகள் பல விருந்தினர் இல்லங்களாக மாறியிருக்கின்றன. சாப்பாட்டுக் கடைகளும் இசைக்கூடங்களும் நடை தூரத்தில் இருக்கும். நடுநகரில் மலிவான அறை கிடைத்தாலும் இருட்டியபின் வெளியே போக முடியாது என்பதால் அந்த மிச்சம் டாக்ஸிக்கே போய்விடும்.

நகருக்குள் பயணம்

நம் ஊர் ஷேர் ஆட்டோவை விரித்து வேனாக்கினால் கிடைப்பது மாக்ஸி டாக்ஸி. வெள்ளை நிற வண்டியின் பக்கவாட்டில் ஓடும் பட்டையின் நிறம்தான் அது செல்லும் வழியைச் சொல்லும். மஞ்சள் பட்டை தலைநகரையும் அதன் மேற்குப் புறத்தையும், சிவப்புப் பட்டை அரிமா வரையிலான கிழக்கு வழித்தடத்தையும், பச்சைப் பட்டை சகுவானாஸ், சான் ஃபெர்னாண்டோ ஆகிய தெற்கு ஊர்களையும் குறிக்கும். கிழக்கும் தெற்கும் செல்லும் வண்டிகளுக்குத் தாய்நிலையம் சவுத் கீ சாலையிலுள்ள சிட்டி கேட். இது ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்தது. 1968இல் ரயில் நின்றபின், கிழக்கே சென்ற தண்டவாளத்தின் தடம் பேருந்துகளுக்கும் மாக்ஸிகளுக்குமான தனிச்சாலையாக மாறிவிட்டது. நெரிசல் நேரத்தில் சொந்தக் காரில் போகிறவர் நின்றுகொண்டிருக்கும்போது சிவப்புப் பட்டை மாக்ஸி அந்தத் தனிச்சாலையில் பறந்துவிடும். அரசுப் பேருந்துக்கு நிலையத்திலேயே முன்கூட்டிச் சீட்டு வாங்க வேண்டும். ஓட்டுநர் பணம் வாங்கமாட்டார்.

இவற்றைத் தவிர, குறிப்பிட்ட வழியில் ஆளுக்கு இவ்வளவு என்று ஓடும் சாதாரணக் கார்களும் உண்டு. அவற்றின் எண் பலகை H என்ற ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். P என்று தொடங்குவது தனியார் கார். அப்படிப்பட்ட கார்கள் சட்டத்துக்குப் புறம்பாக ஆளேற்றுவது அங்கே அன்றாட வழக்கம், உள்ளூர்க்காரர்கள் தயங்காமல் ஏறவும் செய்வார்கள். புதியவர் ஏற வேண்டாம். இரவில் விடுதிக்காரருக்குத் தெரிந்த டாக்ஸி ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு அவரையே அழைப்பதுதான் பாதுகாப்பு.

மாக்ஸியிலோ சிறு கடையிலோ காலடி வைத்ததும் பொதுவாக எல்லோருக்கும் ‘குட் மார்னிங்’, ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்ல வேண்டும். இருட்டியபின் ‘குட் நைட்’ என்பதே அங்கே வரவேற்புச் சொல். நேராக விலை கேட்டால் விடை வரும், முகம் மலராது. இந்த ஒரு பழக்கம் எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட அதிகமாக உதவும்.

அதிகாலை: டபுள்ஸ்

காலை ஆறு மணிக்கே தெருமுனைகளில் குடையின் கீழ் ஒரு பெட்டி மேசையும் அதைச் சுற்றி அலுவலக உடையில் நிற்கும் கூட்டமும் தெரியும். அதுதான் டபுள்ஸ் கடை. விற்பவர் ஒரு தாளை உள்ளங்கையில் விரித்து, மஞ்சள் சேர்த்துப் பொரித்த பஞ்சுபோன்ற இரண்டு பரா ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகினாற்போல் போடுவார். மேலே கரண்டி நிறையக் கொண்டைக்கடலைக் கறி, அதன்மேல் புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், கொத்தமல்லி மணமுள்ள ஷேடோ பெனிச் சட்னி, கடைசியாக மிளகாய்ச் சாறு. தாளின் இரு முனைகளையும் முறுக்கி நீட்டுவதோடு எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஓரமாக நின்று கையாலேயே சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் எத்தனை என்று நீங்களே சொல்லிக் காசு கொடுப்பதே பல கடைகளில் வழக்கம்.

எவ்வளவு காரம் என்று கேட்பார்கள். ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள். ஆந்திர ஊறுகாயையே அசராமல் சாப்பிடுகிறவன் நான் என்ற பெருமையெல்லாம் இங்கே செல்லாது. 2012இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ஆய்வாளர்கள் அறிவித்த மொருகா ஸ்கார்ப்பியன் இந்தத் தீவில் விளைவது; அதன் உறவுக்கார மிளகாய்களில்தான் அந்தச் சாறு தயாராகிறது. டபுள்ஸில் இறைச்சி இல்லை, முட்டை இல்லை. சைவர்களுக்குக் கவலையற்ற காலையுணவு. பத்து மணிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சைவம் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். மதியத்துக்கு ரொட்டிக் கடைகள் உண்டு: அரைத்த பருப்பை உள்ளே வைத்த தால்பூரி, அல்லது கந்தலாக உதிர்த்த பராத்தா, அதற்குள் கடலை, உருளைக்கிழங்கு, பூசணி, காராமணிக்காய், மாங்காய். வரிசையில் நின்று வேண்டியதைச் சுட்டிக்காட்டினால் போதும். சேப்பங்கீரையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கலலூ பச்சைப் பசேலென்று சைவமாகத் தோன்றும். ஆனால் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ சேர்த்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையும் முற்பகலும்: திடலிலிருந்து கடைத்தெருவுக்கு

குயின்ஸ் பார்க் சவானா 260 ஏக்கர் பரப்புள்ள திறந்தவெளித் திடல். அதைச் சுற்றி வாகனங்கள் ஒரே திசையில் ஓடுவதால் உலகின் மிகப் பெரிய போக்குவரத்து வட்டம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். சுற்றளவு மூன்றரைக் கிலோமீட்டருக்குமேல் இருக்கும். திடலின் மேற்கு ஓரத்தில் 1900களின் தொடக்கத்தில் எழுந்த ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. மணிக்கூண்டுள்ள குயின்ஸ் ராயல் கல்லூரியில் தொடங்கும் வரிசை, ஸ்காட்லாந்துக் கோட்டையைப்போல் கட்டப்பட்ட ஸ்டோல்மையர் மாளிகையில் முடிகிறது. இவை கிழக்கு பார்த்தவை. காலை ஒளி நேராக முகப்பில் விழும். மாலையில் வந்தால் கதிரவன் மாளிகைகளுக்குப் பின்னே போய்விடுவதால் படத்தில் கரிய நிழல்தான் கிடைக்கும். பெரும்பாலான பயணிகள் மாலையில் வந்து இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

வடக்குப் புறத்தில் 1818இல் அமைத்த தாவரவியல் பூங்காவும் அதையொட்டி உயிரியல் பூங்காவும் உள்ளன. குழந்தைகளோடு வந்தவர்கள் முற்பகலை அங்கேயே கழிக்கலாம். மற்றவர்கள் ஒன்பதரை மணிவாக்கில் ஃபிரெடெரிக் தெரு வழியாகத் தெற்கே நடக்கத் தொடங்கினால் இருபது நிமிடத்தில் வுட்ஃபோர்ட் சதுக்கம் வந்துவிடும். மர நிழலில் அரசியல் விவாதம் நடக்கும் இடம் இது. நாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1950களில் இங்கேதான் மக்கள் முன் வரலாறும் அரசியலும் சொற்பொழிவாற்றி, இதற்குப் பல்கலைக்கழகம் என்றே பெயர் சூட்டினார். எதிரே இருக்கும் செந்நிற ரெட் ஹவுஸ் நாடாளுமன்றம். 1903இல் தண்ணீர்க் கட்டணச் சட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய கலகத்தில் பழைய கட்டடம் எரிந்தது. இப்போதிருப்பதில் 1990 ஜூலையில் ஆயுதக் குழுவொன்று பிரதமரையும் உறுப்பினர்களையும் ஆறு நாட்கள் பிணையாக வைத்திருந்தது. நீண்ட புனரமைப்புக்குப்பின் 2020இல் மறுபடி திறந்தார்கள். சதுக்கத்தில் சற்று உட்கார்ந்திருந்து பேச்சைக் கேளுங்கள். உள்ளூர்ப் பேச்சுமொழியான ஆங்கிலக் கிரியோல் முதல் நாள் பாதிதான் புரியும்.

அதற்குத் தெற்கே இண்டிபென்டன்ஸ் சதுக்கமும் பிரையன் லாரா நடைபாதையும். துணிக்கடைகளும் பழக்கடைகளும் நிறைந்த இப்பகுதியை மதியத்துக்குள் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அலுவலகங்கள் மூடியதும் கூட்டம் கரைந்துவிடும். பிறகு அங்கே நிற்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

பிற்பகல்: மூன்றில் ஒன்று

பிற்பகலுக்கு மூன்று தேர்வுகள் உள்ளன, ஒரே நாளில் ஒன்றுக்குமேல் முடியாது.

முதலாவது கரோனி சதுப்புநிலம். நகருக்குத் தெற்கே அரை மணி நேரப் பயணம். மாலை நான்கு மணிவாக்கில் கிளம்பும் படகுகள் அலையாத்திக் காட்டின் கால்வாய்கள் வழியே ஒரு திறந்த நீர்ப்பரப்புக்குச் சென்று நிற்கும். பொழுது சாயும் வேளையில் நாட்டின் தேசியப் பறவைகளில் ஒன்றான செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டங்கூட்டமாக வந்து எதிரேயுள்ள தீவுத்திட்டின் மரங்களில் அமரும். பச்சை மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டே போகும். நண்டும் இறாலும் தின்பதால் வரும் நிறம் அது, குஞ்சுகள் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். படகு தூரத்திலேயே நின்றுவிடும் என்பதால் இருநோக்கி இல்லாமல் போவதில் அர்த்தமில்லை. கொசு விரட்டும் களிம்பும் அவசியம். திரும்பும்போது இருட்டியிருக்கும், வண்டியைக் காத்திருக்கச் சொல்லியே அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, மலையைத் தாண்டி வட கடற்கரையிலுள்ள மராக்கஸ் விரிகுடா. முக்கால் மணி நேர வளைவுப் பாதை. அலைகளும் இழுப்பும் பலமானவை. உயிர்காப்பாளர் நட்டிருக்கும் கொடிகளுக்கு இடையே மட்டும் இறங்குங்கள்.

மூன்றாவது செலவில்லாதது: நகருக்குள்ளேயே இருக்கும் செயின்ட் ஜேம்ஸ். பழைய கரும்புத் தோட்ட நிலத்தில் எழுந்த இப்பகுதியின் தெருக்களுக்கு மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய், பாட்னா, லக்னோ என்று பெயர். ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவர்கள் என்றாலும், சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு தீவில் இன்றும் தொடர்கிறது. தமிழ் பேசுபவரை மெட்ராஸ் தெருவில் தேட வேண்டாம், கிடைக்கமாட்டார்கள். முகரம் மாதத்தில் சென்றால் தாஜா எனப்படும் அலங்காரக் கூடுகளை டாசா மேள முழக்கத்தோடு இழுத்துச் செல்லும் ஹோசே ஊர்வலத்தை இங்கே காணலாம். அருகிலேயே குயின்ஸ் பார்க் ஓவல் மைதானம். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முறை வென்ற டெஸ்ட் இங்கே நடந்ததுதான். கவாஸ்கரின் அறிமுகம் என்று உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் சாய்த்தவர் நம் வெங்கட்ராகவன். ஐந்தாண்டு கழித்து 403 ரன் இலக்கை எட்டிப் பிடித்ததும் இதே மைதானத்தில். ஆட்டமுள்ள நாளாக அமைந்தால் வேறெதையும் யோசிக்காமல் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இரவு: தெருவும் பேன்யார்டும்

இரவு ஏழு மணிக்குப் பிறகு நகரத்தின் மையம் மேற்கே வுட்புரூக்கின் அரியாபிட்டா அவென்யூவுக்கு நகர்ந்துவிடுகிறது. பத்து மணிக்குமேல்தான் கூட்டம் சேரும். எட்டு மணிக்கே போய் நின்று ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடாதீர்கள். நள்ளிரவு தாண்டிப் பசித்தால் செயின்ட் ஜேம்ஸின் வெஸ்டர்ன் மெயின் சாலையில் கடைகள் திறந்திருக்கும்.

ஆனால் இந்நகரின் இரவில் எது முதன்மை என்று கேட்டால் பேன்யார்டு என்பேன். எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து உருவான ஸ்டீல்பேன் என்ற இசைக்கருவி பிறந்தது இந்நகரின் உழைக்கும் மக்கள் வாழும் மேட்டுப் பகுதிகளில். அக்குழுக்கள் ஒத்திகை பார்க்கும் முற்றமே பேன்யார்டு. புத்தாண்டுக்குப்பின் கார்னிவல்வரை ஏறக்குறைய எல்லா இரவும் ஒத்திகை உண்டு. பெரிய குழுவில் நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இருப்பார்கள். பயிற்றுநர் நான்கே நான்கு அடிகளை எடுத்து, முதலில் அடிநாதம் தரும் பீப்பாய்கள் மட்டும், பிறகு நடுச்சுரங்கள், பிறகு உச்சச்சுரம் என்று தனித்தனியே வாசிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பத் திருத்துவார். பிறகு தாளக் கருவிப் பகுதியில் இரும்பு வளையத்தைத் தட்டும் ஓசையோடு எல்லாம் ஒரே வீச்சில் சேரும்போது காலடியில் தரை அதிர்வது தெரியும். மேடையில் இறுதிப் போட்டியைப் பார்ப்பதைவிட இது நெருக்கமானது, பெரும்பாலும் கட்டணமும் இல்லை. கருவிகளைத் தொடாமல், முற்றத்துக் கடையில் ஒரு பானம் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வுட்புரூக்கில் ஃபேஸ் டூ குழுவின் முற்றத்துக்குத் துணையோடு நடந்தே போகலாம். டியூக் தெருவின் ஆல் ஸ்டார்ஸ், சார்லட் தெருவின் ரெனகேட்ஸ் ஆகியவற்றுக்கு டாக்ஸியில் வாசல்வரை சென்று அதே டாக்ஸியில் திரும்புங்கள்.

கார்னிவலுக்குச் செல்பவர்களுக்கு

தெருவில் ஆடுவது வேறு, பார்ப்பது வேறு. ஆட விரும்பினால் ஏதாவதொரு அணியில் பணம் கட்டி உடை வாங்கிப் பெயர் பதிய வேண்டும். பிரபலமான அணிகளில் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே பதிவு தொடங்கும், செலவு பல நூறு அமெரிக்க டாலராகும். சனிக்கிழமை இரவு பனோரமா என்ற ஸ்டீல்பேன் இறுதிப் போட்டி. திங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு ஜூவே: சேறும் சாயமும் எண்ணெயும் பூசிக்கொண்டு இருட்டில் தொடங்கி விடியும்வரை ஆடுவது. திரும்ப உடுத்த வேண்டாத உடையோடு, கைப்பேசியை நீர்புகா உறையில் போட்டுக்கொண்டு, பணத்தைச் சிறிதாக மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கும்பலாகச் செல்வதே நல்லது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் நாள். அன்றுதான் முழு உடையலங்காரமும் தெருவுக்கு வரும். சவானாவின் பார்வையாளர் மேடையில் நிழலுண்டு. குடும்பத்தோடு செல்பவர்களுக்குச் சிறுவர் கார்னிவல் நிம்மதியானது, அழகிலும் குறைந்ததல்ல. திங்களும் செவ்வாயும் அதிகாரபூர்வ விடுமுறை இல்லையென்றாலும் வங்கியும் கடைகளும் மூடியே இருக்கும். முன்னதாகவே பணமும் குடிநீரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பும் சட்டமும்

மறைத்துப் பேசுவதில் பயனில்லை: நாட்டில் துப்பாக்கிக் குற்றங்கள் அதிகம். 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜூலையிலும் அரசு அவசரநிலையே அறிவித்தது. வன்முறையில் பெரும்பகுதி கும்பல்களுக்கிடையே, சில குறிப்பிட்ட குடியிருப்புகளில் நடப்பது. ஆயினும் புதியவர் அதை நம்பிக் கவனக்குறைவாக இருந்துவிடலாகாது. லாவென்டில், பீத்தம், சீ லாட்ஸ் ஆகிய கிழக்குப் பகுதிகளுக்கு உள்ளூர்த் துணையின்றிச் செல்லாதீர்கள். சவானாத் திடலின் நடுப்பகுதி, லேடி யங் சாலையின் காட்சிமுனை, ஜார்ஜ் கோட்டை மூன்றும் பகலில் மட்டுமே. திடலின் ஓரத்தில் இளநீர்க்கடைகளும் உணவுக்கடைகளும் வெளிச்சமாக இருக்கும் பகுதியில் மாலையில் நிற்பதில் தவறில்லை. நகைகளை ஊரிலேயே விட்டுவிடுங்கள். இது தாலிச்சங்கிலிக்கும் பொருந்தும்.

ராணுவ உடைபோல் பச்சைப் புள்ளிகள் கலந்த துணியைப் பொதுமக்கள் அணிவது இங்கே சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பிக்கும் முதுகுப்பைக்கும்கூட விலக்கில்லை. பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசுவதும் தண்டனைக்குரியது. காவல்துறைக்கு 999, தீயணைப்புக்கு 990, அவசர மருத்துவ ஊர்திக்கு 811. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் களிம்பை மாலைக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள்.

புறப்படும் நாள்

விமானம் மாலையில் என்றால் நகரிலிருந்து நான்கு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். பிற்பகல் நெரிசல் முழுவதும் விமான நிலையம் இருக்கும் திசையிலேயே போகும். மிச்சமான உள்ளூர்ப் பணத்தை டாலராக மாற்ற முயல்வதைவிட, மாங்காய்த் துருவலில் செய்யும் குச்சேலா ஊறுகாயையும் மிளகாய்ச் சாற்றையும் பானங்களில் சில துளி சேர்க்கும் கசப்புச் சாறான அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் புட்டியையும் வாங்குவது மேல். மூன்றும் திரவக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொள்ளும் என்பதால் கைப்பையில் வைக்காமல், புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் நடுவாக வையுங்கள்.